மாயாவியும் பூஞ்சேரிப் பாறையும்

செங்கல்பட்டின் பழைய புத்தகக் கட்டுகளிடையே ‘இரும்புக்கை மாயாவி’யைத் தேடியலைந்த தலைமுறையினர் நாங்கள். 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே அவனுடைய கதைதான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் புலப்படும் அவனைத் தமிழனென்றே நம்பியிருந்தோம். 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்தவன் அவன் என்பதும், ஸ்பைடரும் இயந்திர மனிதன் ஆர்ச்சியும் அவ்வாறே கடல்கடந்து வந்தவர்கள் என்பதும் பின்னரே தெரிந்தன.

தாயகத்தில் மறக்கப்பட்ட இம்மூவரையும் 2005இல் தொடங்கிய ‘ஆல்பியன்’ என்னும் ஆறு இதழ்த் தொடர் மீட்டது. கதைத்திட்டம் ஆலன் மூருடையது; எழுதியோர் லியா மூரும் ஜான் ரெப்பியனும். நாயகர்கள் உண்மையில் வாழ்ந்தவர்கள். அரசுதான் அவர்களைச் சிறையிலடைத்துவிட்டது என்பது கதை. நல்ல கற்பனை. ஆனால், உண்மையில் மறைக்கப்பட்டவர்கள் நாயகர்கள்தாமா?

அக்காலப் பிரிட்டிஷ் வார இதழ்களில் படைத்தோர் பெயரை அச்சிடும் வழக்கம் பொதுவாக இல்லை. மாயாவியை எழுதிய கென் பல்மர், வரைந்த ஸ்பானியர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பைடரை உருவாக்கிய டெட் கோவன், ரெஜ் பன் ஆகியோரை அன்றைய வாசகர் அறியார். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெரி சீகலே பின்னர் ஸ்பைடர் கதைகளை எழுதினார் என்பதையும் நாங்கள் மிகத் தாமதமாகவே அறிந்தோம்.

எங்களூரிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் பூஞ்சேரி இருக்கிறது. அங்கே ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் முதலிய பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பல்லவர் பணியில் உளி பிடித்தோரின் பெயர்கள் அவை என்பர் ஆய்வாளர். மாமல்லபுரத்துக் கோயில்களில் அரசனின் விருதுப்பெயர்கள். தச்சனுக்கு ஊருக்கு வெளியே ஒரு பாறை. காமிக்ஸ் கலைஞனுக்கு அப்பாறையும் வாய்க்கவில்லை.

கதை போதாதா, பெயர் எதற்கு என்பாருண்டு. பெயரற்ற உழைப்புக்கு உரிமை கோர வழியில்லை என்பதே எங்கள் விடை. நாயகனைப் புதுப்பிப்பது எளிது, விற்பனையும் உண்டு. மறுபதிப்பு எதுவாயினும், எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு, அவனைத் தமிழில் பேசவைத்தவர் பெயரும் முதற்பக்கத்தில் இடம்பெற வேண்டும். முத்து காமிக்ஸின் தொடக்க காலத்தில் உழைத்த முல்லை தங்கராசன் போன்றோரை அடுத்த தலைமுறை வேறெப்படி அறியும்? அதுவரை மீட்பு என்ற சொல்லை நாங்கள் தயக்கத்தோடுதான் பயன்படுத்துவோம்.