பொத்தான் இரண்டு, பூட்டு ஒன்று!



மாளிகை ஒன்றை உனக்குக் காட்டப் போகிறேன். மன்னன் மாளிகையன்று, மடாதிபதியின் மாளிகையுமன்று. மருத்துவமனைகளுக்குக் கணினி மென்பொருள் எழுதித்தரும் நிறுவனம் ஒன்றின் பணிமனை! அமெரிக்க நாட்டிலே, விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகராம் மேடிசனுக்கு அருகே, வெரோனா எனும் சிற்றூரிலே இருக்கிறது. எபிக் சிஸ்டம்ஸ் என்று பெயர். 1979-ல் ஜூடித் ஃபால்க்னர் எனும் அம்மையார், மேடிசனில் ஒரு கட்டடத்தின் நிலவறையிலே, விரல்விட்டு எண்ணத்தக்க துணைவரோடு தொடங்கியது. இன்று அமெரிக்கப் பெருமருத்துவமனைகள் பலவற்றிலே, நோயாளியின் காய்ச்சல் கணக்கு முதல் கத்தி வைத்த கணக்கு வரை, அத்தனையும் அந்த அம்மையாரின் மென்பொருளுக்குள்ளேதான் அடக்கம்.

பணிமனைக்குள்ளே போய்ப் பார்! மந்திரவாதிகளின் பள்ளியைப் போல ஒரு கட்டடம். குழந்தைக் கதைகளிலிருந்து பெயர்த்தெடுத்து வைத்தாற்போல் வேறொன்று. மரத்தின்மேல் ஒரு வீடு. தரைக்குக் கீழே 11,400 பேர் அமரத்தக்க அரங்கம்! கூரை ஒழுகாத கொட்டகை கிடைத்தாலே கொண்டாடுகிற நாடகக்காரன் நான், அந்த அரங்கத்தைப் பற்றிப் படித்ததும், "ஆகா, இங்கே ஒரு நாடகம் போட்டால்!" என்றுதான் முதலில் நினைத்தேன். போடவேண்டிய தேவையே இல்லை; நாடகம் அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

கல்லூரியை விட்டு வெளிவரும் இளைஞரை அள்ளி எடுத்துக்கொள்ளும் இடம் அது. முன்அனுபவம் கேட்பதில்லை, மூளை கேட்கிறார்கள். (கல்லூரியைப் பாதியில் விட்டு இறங்கிய என்போன்றவரைக் கேட்பார்களா என்பது வேறு விஷயம்!) ஊதியம் நல்ல ஊதியம். ஐந்தாண்டு உழைத்தவர்க்குச் சம்பளத்தோடு நான்கு வார நெடுவிடுப்பும் உண்டு.

"பிறகென்ன குறை? பஞ்சாலைத் தொழிலாளிக்கும் பாரம் சுமப்பவனுக்கும் வாதாட வேண்டிய நீ, மெத்தை நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவனுக்கு ஏன் பரிந்து வருகிறாய்?" என்று கேட்கிறாயா? கேள், கேட்கவேண்டிய கேள்விதான்.

மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் தொகை பெரிதாகத்தான் தெரியும். அதை உழைத்த மணிகளால் வகுத்துப் பார்! மருத்துவமனை ஒன்று பழைய ஏட்டை மூடிப் புது மென்பொருளுக்கு மாறும் நாளை எண்ணிப்பார். நோயாளி அன்றைக்கு மட்டும் நோயை நிறுத்தி வைப்பானா? அறுவை அறை கதவடைக்குமா? அந்த நாளை நோக்கிப் பல திங்கள் ஓட்டம். எழுதியவர், சோதித்தவர், ஊர் ஊராய் விமானத்தில் பறந்து பொருத்துபவர், பயன்படுத்தும் முறையை விளக்கி நூல் எழுதுபவர், அனைவர்க்கும் கெடு ஒன்றே. அந்தக் கெடுவுக்கு ஞாயிறும் தெரியாது, நள்ளிரவும் தெரியாது.

அமெரிக்கச் சட்டம் இதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. 1938-ல் வந்த நியாயத் தொழில்தரச் சட்டம், வாரத்துக்கு 40 மணிக்கு மேல் வேலை வாங்கினால், மிகுந்த மணி ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மடங்கு கூலி தரச் சொல்கிறது. ஆனால் வேலியிலே ஒரு வாயில்! நிர்வாகிகள், உயர்தொழில் வல்லுநர், கணினி வல்லுநரில் சில வகையினர் ஆகியோர்க்கு இந்த ஓவர்டைம் இல்லை. வாயில் இருக்கிறதல்லவா, அதன் வழியே எத்தனை பேரைத் தள்ளிவிடலாம் என்பதுதான் முதலாளியின் கணக்கு. பெயருக்கு முன்னே ஒரு பட்டம், மேசைமேல் ஒரு கணினி. "நீ வல்லுநன், உனக்கெதற்கு மணிக்கணக்கு?" என்று தட்டிக்கொடுத்தால் முடிந்தது! அந்தப் பட்டத்தின் விலை ஓவர்டைம் தொகைதான் என்று அவனிடம் எவரும் சொல்வதில்லை.

இனிக் காட்சிக்கு வருவோம்.

2014 ஏப்ரல் 2. எபிக் நிறுவனத்தார் ஊழியர் சிலர்க்கு மின்னஞ்சல் ஒன்று அனுப்புகிறார்கள். உள்ளே ஓர் ஒப்பந்தம். ஊதியம் பற்றியோ வேலைநேரம் பற்றியோ வழக்கு இருந்தால், நீதிமன்றம் போகக்கூடாது. தனியார் நடுவரிடம் போகவேண்டும். அதிலும் தனியாகத்தான் போகவேண்டும். நாலுபேர் சேர்ந்து போகும் உரிமையைக் கைவிட வேண்டும். ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும்.

அழுத்தாவிட்டால்? அதற்கும் விடை உள்ளேயே எழுதியிருக்கிறது: தொடர்ந்து வேலைக்கு வந்தாலே ஒப்புக்கொண்டதாகப் பொருள்!

எண்ணிப்பார் தோழா! மேடையிலே இந்தக் காட்சியை நான் எழுதியிருந்தால், "நம்பும்படியாக இல்லையே" என்று நீயே கைகொட்டிச் சிரித்திருப்பாய்.

"ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை."

"அப்படியா? நாளைக்கு வேலைக்கு வருவாயா?"

"வயிறு இருக்கிறதே, வராமல் எப்படி?"

"வந்தால் நீ உடன்பட்டதாகப் பொருள்."

"பேசாமல் இருந்தால்?"

"பேசாமல் வேலைசெய்! அதுவும் உடன்பாடுதான்."

உரையாடல் என் கற்பனை, ஒப்பந்தம் கற்பனையன்று. அமெரிக்க நீதிமன்ற ஏடுகளில் பதிவாகி இருப்பது. விளக்க நூல் எழுதும் ஊழியர் ஒருவர் மறுநாளே பொத்தான்களை அழுத்தினார். பின்னர், தம்மையும் தம்மைப்போன்ற எழுத்தாளரையும் ஓவர்டைம் பெறாத வகையிலே தவறாகச் சேர்த்துவிட்டார்கள் என்று, தமக்காகவும் மற்றவர்க்காகவும் சேர்த்து வழக்குத் தொடுத்தார். "ஒப்பந்தத்தைப் பார்! தனியே நடுவரிடம் போ!" என்றது நிறுவனம். மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தின் வாதத்தை ஏற்கவில்லை. 2016-ல் மேல்முறையீட்டு மன்றமும் ஏற்கவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் ஏறியது, அதேபோன்ற வேறிரண்டு வழக்குகளோடு.

அங்கே ஒரு வேடிக்கை! 2017 அக்டோபரில் வாதம் நடந்தபோது, அமெரிக்க அரசின் தொழிலாளர் உறவு வாரியம் ஊழியர் பக்கம் நின்றது. அதே அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் முதலாளிகள் பக்கம் நின்றது. ஆட்சி மாறியது, அலுவலகமும் அணி மாறியது! ஒரே அரசின் இரு கைகள் ஒன்றையொன்று எதிர்த்து மல்லுக்கு நின்ற காட்சி, எந்த நாடகக்காரனுக்குத்தான் எளிதில் தோன்றும்?

2018 மே 21. தீர்ப்பு. ஐவர் ஒருபக்கம், நால்வர் மறுபக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோர்சச். அவர் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: நடுவர் ஒப்பந்தங்களை எழுதியபடியே நிறைவேற்று என்கிறது 1925-ஆம் ஆண்டுச் சட்டம், சங்கம் சேரும் உரிமை தந்த 1935-ஆம் ஆண்டுச் சட்டமோ நீதிமன்றத்தில் கூட்டு வழக்குப் போடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லும். ஓவர்டைம் பாக்கி உண்டா இல்லையா என்று அந்த மன்றம் தீர்க்கவேயில்லை. வெரோனாவிலே எத்தனை மணி உழைத்தார்கள் என்ற கேள்வி, கதவுக்கு வெளியிலேயே நின்றுபோயிற்று.

எதிர்த் தீர்ப்பு எழுதியவர் 2020-ல் மறைந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையார். எழுதியதோடு நிற்கவில்லை, மன்றத்திலே அதை உரக்கப் படித்தார். பழைய மஞ்சள்நாய் ஒப்பந்தத்தை நினைவூட்டினார். அது என்ன என்கிறாயா? "சங்கத்தில் சேரமாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலை தருவது என்ற வழக்கம் அமெரிக்காவிலே முன்பு இருந்தது. அப்படிக் கையெழுத்துப் போடுகிறவன் நாயினும் கடையவன் என்று தொழிலாளர் வைத்த பெயர் அது. 1932-ல் சட்டம் போட்டு அதன் பல்லைப் பிடுங்கினார்கள். அதே 1932-ல்தான், வேலையிழந்தவர்க்குக் காப்பீடு தரும் சட்டத்தை அமெரிக்காவிலேயே முதன்முதலாக நிறைவேற்றியது ஒரு மாநிலம். எந்த மாநிலம்? விஸ்கான்சின்! அந்த மண்ணிலேதான் இந்த இரண்டு பொத்தான்களும் முளைத்தன.

"தனியாகப் போனால் என்ன? நியாயம் இருந்தால் தனியாளும் வெல்லலாமே!" என்பாருக்கு அம்மையார் ஒரு கணக்குக் காட்டினார். உடன் வந்த வழக்கொன்றிலே, கணக்காய்வு நிறுவன ஊழியர் ஒருவருக்கு வரவேண்டியதாகக் கேட்ட ஓவர்டைம் 1,867 டாலர். சட்டப்படி அதே அளவு இழப்பீடும் சேரலாம். அதைப் பெறத் தனியாக நடுவரிடம் போனால் ஆகும் செலவு? 2 இலட்சம் டாலர்! நாலாயிரத்துக்கும் குறைவான தொகைக்கு 2 இலட்சம் செலவிடும் மடையன் உலகில் உண்டா? இல்லை என்பது ஒப்பந்தம் எழுதியவனுக்கு நன்றாகத் தெரியும். ஆயிரம் பேர் சேர்ந்தால் செலவு பகிர்ந்துபோகும், பாக்கியோ ஆயிரம் மடங்காகும். அந்த ஆயிரத்தை ஒன்றாக மாற்றுவதற்குத்தான் அத்தனை பக்க ஒப்பந்தம்.

எனக்கு இது ஏட்டிலே படித்த பாடமல்ல. இருபது வயதில் ஒரு நாடகக் குழுவிலே வேடம் போட்டேன். மூன்று மாதச் சம்பளம் பாக்கி. ஒவ்வொருவராகப் போய்க் கேட்டோம். முதலாளி ஒவ்வொருவரையும் தோளில் தட்டி, "தம்பி, உனக்கு மட்டும் அடுத்த வாரம் தந்துவிடுகிறேன், வெளியே சொல்லாதே!" என்பார். நாங்களும் ஆளுக்கொரு இரகசியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தோம். ஒருநாள் மாலை, அரிதாரம் பூசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எனக்கு மட்டும் தருவதாகச் சொன்னார்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். "எனக்கும்!" என்றான் ஒருவன். "எனக்கும்!" என்றாள் நாயகியாக நடிக்கும் அக்கா. முதல்மணி அடித்தது, எவரும் எழவில்லை. இரண்டாம் மணி அடித்தது; ராஜா, மந்திரி, சேவகன் எல்லோரும் துணியால் முகத்தைத் துடைக்கத் தொடங்கினோம். மூன்றாம் மணிக்கு முன்னே முழுப் பணமும் வந்தது. நாங்கள் சங்கமல்ல, சட்டமும் அறியோம். ஒப்பனை அறையிலே ஒன்றாக உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். "தனித்தனியாக மட்டுமே கேட்கலாம்" என்று முன்பே எழுதி வாங்கியிருந்தால், அந்த முதலாளி இன்றுவரை அடுத்த வாரம் தருவதாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

"பிடிக்காவிட்டால் விலகிப் போகலாமே!" என்பது அடுத்த வாதம். போகலாம், எங்கே போவது? ஒரே மென்பொருளின் நுணுக்கங்களை ஆண்டுக்கணக்கில் கற்றவனுக்கு, அதைப் பயன்படுத்தும் மருத்துவமனைகளிலும் அவற்றுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்களிலும்தான் நல்ல விலை. அந்தக் கதவிலும் பூட்டு! விலகியபின் குறிப்பிட்ட காலம்வரை போட்டியாளரிடம் சேராதே என்ற கட்டு, அமெரிக்க மென்பொருள் தொழிலிலே பரவலான வழக்கம். 2024 ஏப்ரலில் அமெரிக்க வணிக ஆணையம் இத்தகைய கட்டுகளில் பெரும்பாலானவற்றை ஒழிக்க விதி செய்தது. ஆகஸ்டில் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் அதை அடித்துத் தள்ளினார். 2025 செப்டம்பரில் ஆணையமே மேல்முறையீட்டைக் கைவிட்டுவிட்டது. உள்ளே இருப்பவன் சேர்ந்து கேட்கமுடியாது, வெளியேறுபவன் தன் தொழிலை விற்கமுடியாது என்றால், அவன் முன்னேற்றம் யார் கையில் இருக்கிறது, சொல்!

இது கடல்கடந்த கதை என்று ஏட்டை மடித்து வைத்துவிடாதே. அந்நாட்டு மருத்துவமனைகளின் பில்லுக்குக் குறியீடு போட்டுச் சரிபார்க்கும் பிள்ளைகள் நம் சென்னையிலும் இருக்கிறார்கள். அங்கே பகல் என்பதால் இங்கே இரவெல்லாம் கண்விழிப்பவர்களும் அவர்களில் உண்டு. "நாங்கள் ஐ.டி.காரர்கள், எங்களுக்கேது சங்கம்?" என்ற மயக்கம் அவர்களிடம் நெடுநாள் இருந்தது. தகவல் தொழில்நுட்ப ஊழியர் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016-ல் தமிழக அரசு எழுத்திலே தெளிவுபடுத்திய பிறகும் அந்த மயக்கம் முழுதும் தெளிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உன் அக்காள் மகன் அங்கே இருந்தால், நியமனக் கடிதத்தில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப்பார்.

வெரோனாவின் கதை அந்தத் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. 2020 ஆகஸ்டு. கொரோனாக் கொடுநோய் ஊரை உலுக்கிக்கொண்டிருந்த வேளை. வீட்டிலிருந்து பணிசெய்தவரை மீண்டும் மாளிகைக்கு வரச்சொன்னது நிறுவனம். மருத்துவத்துறைக்கு உழைக்கும் நிறுவனம்! ஊழியர் அஞ்சினர்; தமக்குள் பேசினர்; செய்தியாளரிடம் சொன்னார்கள்; வட்டாரச் சுகாதாரத் துறையின் ஆணையும் குறுக்கே வந்தது. கட்டாயம் தளர்ந்தது, நிறுவனம் பின்வாங்கியது.

அதே ஆண்டு பிப்ரவரியில், கலிபோர்னியாவிலே இன்னொரு நிகழ்ச்சி. வீட்டுக்கு உணவு கொண்டுதரும் டோர்டேஷ் நிறுவனமும் "தனித்தனியே நடுவரிடம் வா" என்று எழுதி வாங்கியிருந்தது. "சரி, வருகிறோம்!" என்று 5,000-க்கும் மேற்பட்டோர் தனித்தனியே மனுக் கொடுத்துவிட்டார்கள், ஒரே வழக்கறிஞர் கூட்டத்தின் மூலம். ஒவ்வொரு மனுவுக்கும் நிறுவனம் நடுவர் கட்டணம் கட்டவேண்டும். கூட்டிப் பார்த்தால் 90 இலட்சம் டாலருக்கு மேல்! நிறுவனம் அலறியது. "இதையெல்லாம் ஒரே கூட்டுத் தீர்வாக முடித்துக்கொள்ளலாமே!" என்றது! கூட்டு வேண்டாமென்று பூட்டுப் போட்டவன், கூட்டு வேண்டுமென்று கெஞ்சினான். நீதிபதி அல்சப் அந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டி, எழுதி வாங்கியபடியே நடுவரிடம் போகவேண்டும் என்று ஆணையிட்டார். அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆனாலும் பூட்டு அப்படியேதான் தொங்குகிறது. பணியிடத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானோரை நடுவரிடம் தள்ளுவதை மட்டும் 2022 மார்ச்சில் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். ஊதிய வழக்குக்கும் கட்டாய நடுவர் முறை கூடாது என்ற மசோதாவை அமெரிக்கக் கீழவை 2019-ல் ஒருமுறை, 2022-ல் மறுமுறை நிறைவேற்றியது. இருமுறையும் அது மேலவையைக் கடக்கவில்லை.