எண்ணப்படாத சகோதரிகள்

ஒரு பெண் கொலையுண்டால் காவல்துறை ஏட்டில் அவரது வயதும், ஊரும், இறந்த விதமும் பதிவாகின்றன. ஆனால் கனடாவில் பல ஆண்டுகளாக, அவர் பூர்வீகக் குடியைச் சேர்ந்தவரா என்ற கேள்விக்குரிய இடம் பல வேளைகளில் வெறுமையாகவே விடப்பட்டது. எங்கள் பிள்ளைகள் கொல்லப்படுகிறார்கள் என்று தாய்மார் கதறியபோது, அதை உறுதிப்படுத்தும் முழுமையான அரசுக் கணக்கு எதுவும் இல்லை.

அந்தக் கணக்கை முதலில் எடுத்தவர்கள் பெண்களே. கனடாவின் பூர்வீகக் குடிப் பெண்கள் சங்கம், 2005-ஆம் ஆண்டு முதல் செய்தித்தாள்களையும், நீதிமன்ற ஆவணங்களையும், குடும்பத்தாரின் சாட்சியங்களையும் திரட்டியது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோருமாக 2010 மார்ச்சுக்குள் 582 பேரை அது கண்டறிந்தது. 2013-இல் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வொன்று 824 பேரைப் பட்டியலிட்டது.

இதன் பின்னரே, 2014-இல் நடுவண் காவல்துறை தன் ஏடுகளைப் புரட்டியது. 1980 முதல் 2012 வரை கொல்லப்பட்டோர் 1,017 பேர், காணாமற்போனோர் 164 பேர் என்று அறிவித்தது. நாட்டுப் பெண்களில் 4.3 விழுக்காடாக இருந்தவர்கள், கொலையுண்ட பெண்களில் 16 விழுக்காடாக இருந்தனர். 2014-ஆம் ஆண்டின் கொலைகள் முதல்தான், கொல்லப்பட்டோரின் பூர்வீகக் குடி அடையாளத்தைப் புள்ளியியல் துறை முழுமையாக வெளியிட்டு வருகிறது.

இந்த எண்களும் முழுமையானவை அல்ல. விபத்து என்றோ தற்கொலை என்றோ எழுதி முடிக்கப்பட்ட மரணங்கள் கொலைக் கணக்கில் வருவதில்லை. உண்மையான எண்ணிக்கை எவருக்கும் தெரியாது என்று, 2019 ஜூன் மாதம் தேசிய விசாரணை ஆணையமே ஒப்புக்கொண்டது. நீதிக்கான 231 அழைப்புகளை அது விடுத்தது. சரியான தரவுகளைத் திரட்டுவதும் அவற்றுள் அடங்கும்.

இதில் நமக்கும் பங்குண்டு. இந்த வன்முறையின் வேர்களுள் ஒன்றாக அந்த ஆணையம் சுட்டியது, பூர்வீகக் குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகளை. அவற்றில் பலவற்றை நடத்தியது நம் திருஅவை. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடா மண்ணிலேயே அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

நூறு ஆடுகளில் ஒன்று குறைந்தது ஆயனுக்குத் தெரிந்தது, அவன் எண்ணிப் பார்த்ததால்தான். எண்ணாதவன் தேடவும் மாட்டான். நம் மன்னிப்பு வேண்டுதல் உண்மையானதென்றால், அந்தத் தாய்மாரின் கணக்கை முதலில் நாம் நம்ப வேண்டாமா?