கைபேசி வரைபடமும் கூட்டுறவாளர் கோரிக்கையும்

கைபேசியில் வரைபடம் காண்பதும், ஓர் இடத்தைக் குறித்து வைப்பதும், ஒரு வண்டி எங்கே செல்கிறது என்று தொடர்ந்து பார்ப்பதும் இன்று நம் சங்கங்களின் அன்றாட அலுவல்களில் சேர்ந்துவிட்டன. பயிர்க்கடன் கேட்கும் அங்கத்தினரின் நிலம், நெசவாளர் வீட்டுத் தறி, சரக்கேற்றிய லாரியின் பயணம், வாடகைக்குச் சென்ற டிராக்டரின் உழவு ஆகிய பலவும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு பதிவாகின்றன. இக்கருவியை வேண்டாமென்று ஒதுக்குவது என் நோக்கமன்று. ஆயினும், இந்தச் செயலிகளில் பெரும்பாலானவை நகரத்துத் தார்ச்சாலையில் கார் ஓட்டுபவரை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. பிறருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நாம் அணிந்துகொண்டு, அது பொருந்தவில்லையே என்று முணுமுணுப்பதில் பயனில்லை. நமக்கு எவ்விடத்தில் பிடிக்கிறது, எவ்விடத்தில் தொங்குகிறது என்று தெளிவாக எடுத்துச் சொல்லவேண்டும். செல்லூர்த் தறிக்கூடம் முதல் உசிலம்பட்டி மல்லிகைத் தோட்டம் வரை சென்றுவரும் ஓர் ஆய்வாளன் என்ற முறையில் என் அபிப்பிராயங்களை இங்கே முன்வைக்கிறேன்.

முதலில் கருவியின் இயல்பைச் சுருக்கமாக அறிவது நலம். பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அமெரிக்க ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. நான்கு துணைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் கைபேசி தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசாங்கம் 2000-ஆம் ஆண்டு மே மாதம் நீக்கியது. அதன் பின்னரே இது எளிய மனிதனுக்கும் உபயோகப்படும் நிலைக்கு வந்தது. நம் நாடும் 2013 முதல் 2016 வரை ஏழு துணைக்கோள்களை அனுப்பி, ‘நாவிக்’ என்ற சொந்த அமைப்பை நிறுவியது. இத்துணை முன்னேறிய பின்னரும், சாதாரணக் கைபேசி திறந்த வானத்தின் கீழ்க்கூட ஏறக்குறைய 5 மீட்டர் வரை பிழையுறக் கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

சிறு நிலத்துக்குப் பெரும் பிழை

என் முதற் கோரிக்கை இப்பிழையைப் பற்றியதே. பழைய நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி. ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள சதுரம் சரியாகப் பத்து சென்ட் ஆகும். அதாவது பக்கத்துக்கு 20 மீட்டருக்குச் சற்று அதிகம். இவ்வளவு மல்லிகைத் தோட்டம் உடைய ஓர் அங்கத்தினரின் நிலத்தைச் சுற்றிக் கைபேசியுடன் நடக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வரப்புகளிலும் பதிவு ஒரே ஒரு மீட்டர் உள்வாங்கிவிட்டால், செயலி அந்நிலத்தை எட்டு சென்ட் என்று காட்டும். ஒரு மீட்டர் வெளியே தள்ளிவிட்டால் பன்னிரண்டு சென்ட் என்று காட்டும். அதே ஒரு மீட்டர் பிழை ஐந்து ஏக்கர் சதுர நிலத்தில் நேர்ந்தால் குறைவது பதினான்கு சென்ட் மட்டுமே. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பத்து சென்ட்காரருக்கோ நூற்றுக்குப் பத்தொன்பது போய்விடுகிறது.

இதன் பொருள் யாது? கருவியின் பிழை எல்லோருக்கும் ஒன்றே. அதன் சுமை மட்டும் சிறியவன் தலையில் விழுகிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் அளவு நிர்ணயிக்கப்படும் முறையில், இரண்டு சென்ட் குறைந்தால் கடனும் அந்த அளவுக்குக் குறையும். சிறியவனைக் காப்பதற்காகவே தோன்றிய இயக்கம், சிறியவனை மட்டும் தண்டிக்கும் அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்வது தகாது.

ஆதலால், பரப்பளவைக் காட்டும் செயலி ஒவ்வொன்றும் அதன் அருகிலேயே ‘இத்தனை சென்ட் கூடலாம் அல்லது குறையலாம்’ என்று காட்டவேண்டும். எல்லைக்கல் அருகே இரண்டு நிமிடம் நின்றால் பல பதிவுகளை எடுத்துச் சராசரி காணும் வசதி வேண்டும். ஹெக்டேர் மட்டுமன்றி ஏக்கர், சென்ட் கணக்கும் வேண்டும். புலப்பட அளவுக்கும் செயலி அளவுக்கும் வேறுபாடு நேர்ந்தால், புலப்படமே செல்லும் என்ற வாசகம் பதிவின் மேலேயே இருக்கவேண்டும்.

சந்துக்குள் இருக்கும் தறி

நெசவாளரின் இடர் வேறு வகைப்பட்டது. நெருக்கமான சந்துகளில் துணைக்கோளின் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால், வீட்டுவாசலில் நிற்கும்போதே திரையில் உள்ள புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவிவிடும். அன்றியும், கீழ்க்கட்டில் ஒரு தறியும் மாடியில் ஒரு தறியும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். அண்ணன் ஓர் அங்கத்தினர், தம்பி மற்றோர் அங்கத்தினர் என்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தொலைவில் அமர்ந்து பட்டியலைப் பார்ப்பவருக்கு, ஒரே தறியை இருவர் பெயரில் காட்டியதுபோல் இது தோன்றும். நேர்மையாக உழைப்பவர் மீது இவ்வாறு ஒரு சந்தேகம் விழுந்துவிட்டால், அதைத் துடைக்க அவர் எத்தனை நாள் தறியை விட்டு அலையவேண்டும்!

அஞ்சல் துறை 2025-ஆம் ஆண்டில் ‘டிஜிபின்’ என்ற முறையை வெளியிட்டது. நாடு முழுவதையும் ஏறத்தாழ 4 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்துகளும் எண்களும் கலந்த குறியீட்டைத் தரும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் இதுவும் மாடியையும் கீழ்க்கட்டையும் பிரித்தறியாது. ஆகவே, இடக்குறியீட்டோடு கதவு எண், கட்டு, மாடி, தறி எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதிச் சேர்க்க இடம் வேண்டும். புள்ளி தவறான இடத்தில் விழுந்தால், காரணம் எழுதி அதை நகர்த்தும் உரிமையும் வேண்டும். பழைய புள்ளி, புதிய புள்ளி, நகர்த்தியவர் பெயர் ஆகிய மூன்றும் பதிவில் நிற்குமாயின் மோசடிக்கு இடமிராது. புகைப்படத்தின் மேல் அச்சாகும் எண்களை மட்டும் அத்தாட்சியாகக் கொள்வதும் சரியன்று. போலி இடத்தைக் காட்டும் உபாயங்கள் எல்லாருக்கும் எட்டும் நிலையில் இருக்கின்றன. எழுத்து அழகாக விழுந்திருப்பது உண்மைக்குச் சான்றாகாது.

பெயரும் பாதையும்

நம் ஊர்ப் பெயர்களின் நிலையையும் சொல்லவேண்டும். கூகுள் நிறுவனம் 2021-ஆம் ஆண்டு முதல் இடப்பெயர்களை ஆங்கில எழுத்திலிருந்து தமிழுக்குத் தானாகவே மாற்றித் தருகிறது. முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் ஆங்கிலத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் எழுத்து ஒன்றே. குறிலுக்கும் நெடிலுக்கும் பெரும்பாலும் வேறுபாடில்லை. கல், கள், கால் ஆகிய மூன்றும் ஒன்றாகிவிடும் வழியில் சென்று திரும்பிய பெயர் நம் பெயராக இருப்பது அதிருஷ்டத்தைப் பொறுத்தது. தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே முதலில் பதிவதே முறையாகும். நம் மக்கள் வழி சொல்வது கண்மாய், மடை, ஊரணி, களம், சாவடி இவற்றைக் கொண்டே. இவை வரைபடத்தில் இல்லையேல், மாசி வீதி நான்கையும் திருத்தமாகக் காட்டும் செயலியும் வரப்பைத் தாண்டியவுடன் ஊமையாகிவிடும்.

பாதையைப் பற்றிய குறை இதனினும் பெரிது. செயலி குறுகிய வழியைத் தேடுகிறது. நமக்கு வேண்டியதோ சரக்கு வண்டி செல்லத்தக்க வழி. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் பாதையில் கோடையில் லாரி ஓடும். ஐப்பசி மழை விழுந்தால் சக்கரம் புதையும். வாடிப்பட்டி, மேலூர்ப் பகுதிகளில் கால்வாய்க் கரையிலும் கண்மாய்க் கரையிலும் செல்லும் வழிகள் சைக்கிளுக்கு ஏற்றவை. நெல் மூட்டை ஏற்றிய வண்டிக்கு ஏற்றவை அல்ல. நூல் பேல் ஏற்றிய வண்டி சந்துக்குள் நுழைந்துவிட்டால் திரும்ப வழியிராது. ‘மழைக்காலத்தில் செல்லாது’, ‘பாரவண்டி திரும்பாது’ என்ற இரண்டு குறிப்புகளைச் சேர்க்க வசதி இருந்தால் போதும். டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

சிக்னல் இல்லாத இடத்திலும் செயலி வேலை செய்யவேண்டும். துணைக்கோள் சமிக்ஞைக்குச் செல்போன் கோபுரம் வேண்டியதில்லை. வரைபடத்தைத் தருவிக்கவும் பதிவை அனுப்பவும் மட்டுமே கோபுரம் வேண்டும். ஆகவே ஜில்லா வரைபடம் முழுவதையும் முன்னரே கைபேசியில் ஏற்றிவைத்து, பதிவுகளைச் சேமித்து, சங்கக் கட்டடத்துக்குத் திரும்பியபின் அனுப்பும் முறை எல்லாச் செயலிகளுக்கும் கட்டாயமாகவேண்டும். கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் கைபேசி வழி வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டபோது, சிக்னல் கிடைக்காத காரணத்தால் செய்த வேலைக்கு வருகை பதிவாகவில்லை என்று பல மாநிலங்களில் தொழிலாளர்கள் முறையிட்டனர். கருவியின் குறைக்குக் கூலிக்காரர் விலை கொடுக்கும் நிலை நம் சங்கங்களிலும் நேரக்கூடாது.

பின்தொடர்வது எதை?

பின்தொடரும் வசதியின் நன்மைக்கு மல்லிகையைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மொட்டாக இருக்கும்போதே மாட்டுத்தாவணிச் சந்தையை அடையவேண்டும். வெயில் ஏறி இதழ் விரிந்தால் விலை போய்விடும். பூ ஏற்றும் வேன் எந்த ஊரில் நிற்கிறது என்று சாகுபடியாளர் தம் கைபேசியில் காண முடிந்தால், எப்போது பறித்து முடிக்கவேண்டும் என்பதும் தெரியும். வழியில் பை வைத்துக் காத்திருக்கும் நேரமும் குறையும். இதற்கு, பாட்டரியை விரைவில் தீர்க்காமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் இடத்தை அறிவிக்கும் ஏற்பாடு போதுமானது.

ஆனால் சரக்கைப் பின்தொடர்வது வேறு, மனிதனைப் பின்தொடர்வது வேறு. டிரைவர் சாவியை ஒப்படைத்த பின்னரும் அவர் எங்கே போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க எவருக்கும் உரிமை இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துள்ளது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்காக 2023-இல் சட்டமும் இயற்றப்பட்டது. பணி முடிந்ததும் தானே நின்றுவிடும் கண்காணிப்பு, ‘இப்போது உம் இருப்பிடம் பகிரப்படுகிறது’ என்று தமிழில் தெரியும் அறிவிப்பு, குறித்த காலத்துக்குப்பின் பழைய தடங்களை அழிக்கும் விதி ஆகிய மூன்றும் இல்லாத செயலியை எந்தச் சங்கமும் ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிக்கனம் கருதி இதை விட்டுக்கொடுப்போமாயின், ஊழியரின் நம்பிக்கையை இழப்போம்.

‘ஏழை நெசவாளரும் சிறு விவசாயியும் கேட்டால் பெரிய நிறுவனங்கள் செவிசாய்க்குமா?’ என்று சிலர் வினவுவர். தனித்தனியே கேட்டால் சாய்க்கமாட்டா. ஆனால் தனியாகக் கேட்டுக் கிடைக்காததைக் கூடிக் கேட்டுப் பெறுவதற்கன்றோ சங்கம் வைத்தோம்? மேலும், கேட்டுக்கொண்டிராமல் நாமே செய்யக்கூடிய பணியும் உண்டு. 2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற பொது வரைபடத்தில் எவரும் ஊரையும் பாதையையும் சேர்க்கலாம், திருத்தலாம்; அதை எவரும் உபயோகிக்கலாம். பலர் உழைத்துப் பலரும் பயன்பெறும் அதுவும் ஒரு கூட்டுறவே. ஒவ்வொரு சங்கத்திலும் படித்த இளைஞர் இருவர், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால், ஓராண்டுக்குள் தம் சங்க எல்லையில் உள்ள மடைகளையும் களங்களையும் பாரவண்டிப் பாதைகளையும் தமிழ்ப் பெயரோடு பதிந்துவிடலாம். அங்கத்தினரின் வீடு, நிலம் பற்றிய விவரங்களை மட்டும் இப்பொது வரைபடத்தில் ஏற்றலாகாது. அவை சங்கத்தின் பொறுப்பில் இருக்கவேண்டியவை. நாளை வேறு செயலிக்கு மாறினாலும் அவற்றைக் கையோடு எடுத்துச்செல்லும் வகையில், பொது வடிவக் கோப்பாகப் பெறும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளவேண்டும்.

ஆகவே நிர்வாகக் குழுவினரை நான் வேண்டிக்கொள்வது இதுதான். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளையும் சேர்த்து, அங்கத்தினரின் அனுபவங்களைக் கேட்டறிந்து, தீர்மானமாக எழுதி இணைப்பதிவாளர் அலுவலகத்துக்கும் தலைமைச் சங்கங்களுக்கும் அனுப்புங்கள். இனி எந்தச் செயலியை வாங்குவதற்கு முன்னும், பத்து சென்ட் நிலம் ஒன்றையும் சந்துக்குள் இருக்கும் தறி ஒன்றையும் அதனால் அளந்து பாருங்கள். அவ்விரண்டிலும் தேறும் கருவியே நம் சங்கங்களுக்கு ஏற்றது.