துபாய்க்காரனுக்கு எதுக்கு ஓட்டு?

தேர்தல் நெருங்கினால் தூத்துக்குடியை அடுத்த சாயர்புரம் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். "துபாய்ல இருக்கவன் இங்க ஒரு பைசா வரி கட்டுறானா? அவனுக்கு எதுக்கு ஓட்டு?" சொல்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியாராகவோ துறைமுகத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவராகவோ இருப்பார். பிள்ளையைக் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பியவர்கள்கூட அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். சாயர் என்ற வணிகரின் பெயரைத் தாங்கி, கனடாவில் பிறந்த ஜி.யு. போப்பிடம் பாடம் படித்த ஊர் இது. கடல் கடந்தவர் மேல் இங்கே இப்படி ஒரு கோபம் வருவது விநோதம்தான்.

அந்த ஒரு பைசாக் கணக்கையே முதலில் பார்ப்போம். துபாய்ச் சம்பளத்துக்கு இங்கே வருமான வரி இல்லை என்பது உண்மை. நம் சட்டம் குடியுரிமையைப் பார்த்து வரி போடுவதில்லை. ஆண்டில் எத்தனை நாள் இந்தியாவில் தங்கினார் என்றுதான் முதலில் பார்க்கிறது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. வைப்பு வட்டிக்கும் வரி கிடையாது. அந்நியச் செலாவணி வேண்டி அரசே போட்ட தூண்டில் அது. ஆனால் இந்த மண்ணில் வரும் வாடகைக்கும், இங்குள்ள வருமானத்தைப் போட்டுவைக்கும் என்.ஆர்.ஓ. கணக்கு வட்டிக்கும், நிலம் விற்ற லாபத்துக்கும் அவரும் வரி கட்டியாக வேண்டும், அதுவும் நம்மைவிடக் கடுமையான விதிகளின்படி.

ஊரில் இருப்பவர் சம்பளமும் வட்டியுமாக 12 லட்சம் சம்பாதித்தாலும், 2025-26 முதல் புதிய வரிமுறையில் தள்ளுபடி போக அவர் கட்டுவது பூஜ்யம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தத் தள்ளுபடி இல்லை. இங்கே வரும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியதும் வரி ஆரம்பித்துவிடும். என்.ஆர்.ஓ. கணக்கில் 3 லட்சம் வட்டி வந்தால் வங்கி பொதுவாக 31.2 சதவீதம், அதாவது 93,600 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தரும். வேறு வருமானம் இல்லையென்றால் அவர் வரியே கட்ட வேண்டியதில்லை, ஆனாலும் பிடித்த பணம் திரும்பி வர ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உள்ளூர்க்காரர் தகுதி இருந்தால் வரி பிடிக்க வேண்டாமென்று படிவம் எழுதிக் கொடுத்துத் தப்பலாம், இவரால் முடியாது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலத்தை விற்கும்போது விலைவாசி ஏற்றத்தைக் கழித்துக் கணக்குப் பார்க்கும் சலுகையும் உள்ளூர்க்காரருக்கு மட்டும்தான். இது போகப் பேரூராட்சிக்கு வீட்டுவரி, அவர் அனுப்பும் பணத்தில் வீட்டார் வாங்கும் பல சாமான்களுக்கும் ஜி.எஸ்.டி. இதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

சரி, ஒருவர் நிஜமாகவே ஒரு பைசாவும் கட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வரி கட்டினால்தான் ஓட்டு என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. 1919, 1935 சட்டங்களின்கீழ் சென்னை மாகாணத்தில் சொத்தும் வரி ரசீதும் படிப்பும் பார்த்துத்தான் ஓட்டுரிமை தந்தார்கள். பனையேறிக்கும் முத்துக்குளிப்பவருக்கும் ஓட்டு வந்தது, வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்ற அரசியல் சாசனத்தின் 326-ஆவது பிரிவால். 2024-இல் வாக்காளர்கள் ஏறத்தாழ 97 கோடி; அந்த ஆண்டு ஜூலை முடிய வருமானக் கணக்குத் தாக்கல் செய்தவர்கள் ஏழேகால் கோடி. வரியை அளவுகோலாக வைத்தால் முதலில் யார் பெயர் பட்டியலிலிருந்து போகும் என்று வாத்தியார் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் கிரீன் கார்டோடு இருப்பவர் அங்கே வரி கட்டிக்கொண்டே இருக்கிறார், நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுக் குடிமக்களோ பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள். வெளிநாட்டில் வாழும் தன் குடிமக்களுக்காகவே பிரான்ஸ் 11 தொகுதிகள் வைத்திருக்கிறது.

அடுத்த வாதம்: "சட்டம்தான் உரிமை கொடுத்தாச்சே, வந்து போடாதது அவங்க தப்பு." 2010-இல் திருத்திய சட்டம் 2011 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. படிவம் 6ஏ நிரப்பினால் பாஸ்போர்ட்டில் உள்ள ஊரில் பெயர் சேரும். ஆனால் தேர்தலன்று அசல் பாஸ்போர்ட்டோடு அந்த வாக்குச்சாவடியில் நேரில் நிற்க வேண்டும். கட்டடத் தொழிலாளிக்கு விமான டிக்கெட்டும் லீவும் சேர்த்தால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். 2024-இல் வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தவர்கள் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958. அதில் 2,670 பேர் கேரளக்காரர்கள்.

இதை அக்கறையின்மை என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ராணுவம் முதலிய பணியில் இருப்பவர்களுக்கு வாக்குச்சீட்டை மின்னணு வழியில் அனுப்பி, தபாலில் திரும்பப் பெறுகிறார்கள். 2019-இல் அப்படிப் பதிந்த 18 லட்சம் பேரில் 60 சதவீதத்தினரின் வாக்கு திரும்பி வந்தது. அதே தேர்தலில் வெளிநாட்டு வாக்காளர் 99,844 பேரில் ஓட்டுப் போட்டவர்கள் 25,606. சீட்டு கைக்கு வந்தால் மனிதர்கள் போடத்தான் செய்கிறார்கள்.

"இங்க நடக்குறதோட பலன அவனா அனுபவிக்கான்?" என்பதும் சொல்லப்படுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியபோது, வெள்ளத்தில் சிக்கிய தாய் தகப்பனுக்குப் போன் போகாமல் தவித்தவர்கள் யார்? நான்கு மாதம் கழித்து ஏப்ரல் 19-இல் இங்கே வாக்குப்பதிவு. வளைகுடாத் தொழிலாளிக்கு டெல்லியின் முடிவு நேராகவே சுடும். 2020 செப்டம்பரில் வளைகுடா வேலைகளுக்கான குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளத்தை ஒன்றிய அரசு 30 முதல் 50 சதவீதம் குறைத்தது. எதிர்ப்புக்குப் பின் மறு ஆண்டு திரும்பப் பெற்றது. அந்தக் கூலியை வாங்குபவரின் ஓட்டு எந்த எம்.பி.யின் கணக்கிலும் இல்லை.

சீட்டை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் ஒரு ஆட்சேபத்தை மட்டும் நான் ஏற்கிறேன். கம்பெனி கேம்பில் இருபது பேர் ஒரே அறையில் இருக்க, மேஸ்திரி பார்க்கச் சீட்டை நிரப்பும் நிலை வந்தால் அது ரகசிய வாக்கு ஆகாது. தனக்குப் பதிலாக வேறொருவரைப் போடச் சொல்லும் முறை அதைவிட மோசம். அதற்காக 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறிய மசோதா அந்த அவையோடு காலாவதியானதில் எனக்கு வருத்தமில்லை. தபால் வாக்கு தரலாம் என்று தேர்தல் ஆணையமே 2020 நவம்பரில் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. தூதரகத்தில் போய்ப் போடும்படி செய்தால் கேம்ப் பயமும் குறையும்.

தூத்துக்குடிக்காரர்கள் இதில் முதலில் கேட்க வேண்டியது கப்பல்காரர்களுக்காக. தோணியில் மாலத்தீவு போகிறவரும் சரக்குக் கப்பலில் ஒன்பது மாதம் போகிறவரும் வெளிநாட்டில் குடியேறியவர்கள் அல்லர். பெயர் ஊர்ப் பட்டியலிலேயே இருக்கிறது. வெளியே இருந்த நாட்கள் குறைந்துபோனால் அந்த ஆண்டுச் சம்பளம் முழுவதற்கும் இங்கே வரியும் கட்டுகிறார்கள். 2024-இல் மனு வாபஸ் முடிந்து வேட்பாளர் பட்டியல் இறுதியான நாள் மார்ச் 30; வாக்குப்பதிவு ஏப்ரல் 19. இடையில் இருபது நாள். அதற்குள் கப்பலேறுகிறவர், தேர்தல் பணியாளர்கள் போடுவதுபோல முன்கூட்டியே ஓட்டுப் போட்டுவிட்டுப் போக ஒரு மேசை போதும். ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு மின்னணு வழியில் சீட்டு போகட்டும். அடுத்த துறைமுகத்தில் ஏஜென்ட் தபாலில் சேர்த்துவிடுவார்.