இரைச்சலும் நமக்கு நட்டமே



சென்ற ஆண்டு தொலைபேசியில் வந்த ஆர்டரைக் கேட்டு, 70 மூட்டை துவரம் பருப்பு ஏற்றி அனுப்பினேன். கடைக்காரர் கேட்டதோ 60 மூட்டை. திரும்பி வந்த பத்து மூட்டையின் லாரி வாடகையும் ஏற்றுகூலி, இறக்குகூலியும் என் தலையில் விழுந்தன. சீட்டைத் தவறாக எழுதியதாகக் கணக்குப்பிள்ளையைக் கடிந்துகொண்டேன். “முதலாளி, நீங்க எழுபதுன்னுதான் சொன்னீங்க” என்றார். பிறகு காதைச் சோதித்ததில் குற்றம் என் செவியில்தான் என்று தெரிந்தது. வயதும் காரணம், நாற்பது ஆண்டுக் கடைவீதி இரைச்சலும் காரணம் என்றார் மருத்துவர். இரைச்சலால் போன செவித்திறன் திரும்பாதாம். கணக்குப்பிள்ளையிடம் வருத்தம் தெரிவித்தேன்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல்தான் அளவு. சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், இரைச்சல் 85 டெசிபலை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். அந்த அளவில் நாளுக்கு எட்டு மணி நேரம், பல ஆண்டுகள் இருந்தால் செவி கெடும். நாமோ கல்லாவில் பன்னிரண்டு மணி நேரம் உட்காருகிறோம்.

“பழகிவிட்டது” என்போம். மனம் பழகலாம், உடல் பழகுவதில்லை. இரைச்சலில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. நாள்பட்டால் அதுவே நோயாகிறது. மாலையில் வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவதும், வீட்டில் சிடுசிடுப்பதும் இதன் விளைவே.

“சத்தமில்லாமல் வியாபாரம் ஏது?” என்று சிலர் கேட்கலாம். விலை பேசுவதும், பாக்கி கேட்பதும் காதோடு காதாகச் செய்ய வேண்டிய காரியங்கள் அல்லவா?

போலீசாரைக் குறை சொல்லுமுன் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. சரக்கு இறக்கும்போது லாரி எஞ்சினை நிறுத்தச் சொல்லலாம். கடை வாசல் ஒலிபெருக்கியை எடுத்துவிடலாம். ஜெனரேட்டருக்கு ஒலித்தடுப்புக் கூண்டு போடலாம். தொலைபேசி ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளலாம். சங்கத்தின் சார்பில் ஆண்டுக்கொரு முறை செவி, இரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் நடத்தலாம். அதில் முதலாளிகளோடு கணக்குப்பிள்ளைகளும் சுமை தூக்கும் தொழிலாளர்களும் கலந்துகொள்ள வேண்டும்.

தராசில் ஒரு கிராம் குறைந்தாலும் உடனே பார்த்துவிடுகிறோம். காதில் குறைவதையும் காலத்தில் கவனிப்போம்.