ஜாலிக்குக் கீழே இரண்டு அங்குலத் தண்ணீர்

1/ கடலூர், சிதம்பரம் பக்கத்து உறவுகளே, மழைக்காலம் வருது. கொசுவலை, கொசுவத்தின்னு எல்லாம் வாங்கி வைக்கிறோம். நம்ம பாத்ரூம் ஜாலியைத் தூக்கி உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தவங்க எத்தனை பேர்?

2/ ஜாலிக்குக் கீழே ஒரு ட்ராப் இருக்கணும். ப்ளம்பர்கள் "நஹானி ட்ராப்"னு சொல்வாங்க. அதில் எப்பவும் சுமார் 2 அங்குலம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்று, கரப்பான், செப்டிக் டேங்க் கொசு இதெல்லாம் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது அந்தத் தண்ணீர்தான்.

3/ யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கழிவுநீரில்தான் முட்டையிடும். ட்ராப் இல்லாத குழாய் அதுக்கு நேர்வழி.

4/ இது சின்ன விஷயமா? 2003-ல் ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவங்களுக்கு சார்ஸ் வந்தது. விசாரிச்சப்போ தெரிய வந்த காரணங்களில் முக்கியமானது, பாத்ரூம் தரை ட்ராப்கள் காய்ந்து கிடந்தது. தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைச்சே விட்டதால் ட்ராப்பில் தண்ணீர் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் கழிவுக் குழாயின் காற்று கிருமியோடு மேலே வந்திருக்கு.

5/ நம்ம ஊரில் ட்ராப் காய்வது எப்படி? பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும். மாடி பூட்டியே கிடக்கு. அக்னி நட்சத்திரத்தில் சில வாரம் போதும். பயன்படுத்தாத பாத்ரூமில் வாரம் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்க. ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டு, ஜாலியை மூடிட்டுப் போங்க. தண்ணீர் சீக்கிரம் வற்றாது, அதில் கொசுப்புழுவும் வளராது.

6/ இன்னொரு பழக்கம். "தண்ணி மெதுவா போகுது"ன்னு ஜாலிக்கு அடியில் இருக்கும் குவளையைக் கழற்றித் தூர வீசிடுறாங்க. அந்தக் குவளை கவிழ்ந்து நின்னாத்தான் தண்ணீர்த் தடை. அடைப்புக்குக் காரணம் முடியும் சோப்பும். மாதம் ஒருமுறை கையுறை போட்டு எடுத்துக் கழுவி, திரும்ப வைங்க.

7/ அடைப்பு எடுக்க ஆசிட், கூடவே ப்ளீச்சிங் பவுடர்னு ரெண்டையும் ஊற்றவே ஊற்றாதீங்க. குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது நுரையீரலைத் தாக்கும். ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு உயிருக்கே ஆபத்து.

8/ துரு பிடிச்ச ஜாலிக்குப் புது ஸ்டீல் ஜாலி போட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறோம். அடியில் ட்ராப் உடைஞ்சிருந்தா அது வெறும் அலங்காரம். டைல்ஸ் உடைக்கணுமேன்னு தள்ளிப் போடுறது புரியுது. ஆனா பாத்ரூமைப் புதுப்பிக்கும்போதாவது ட்ராப்பையும் மாத்துங்க. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

9/ நம்ம மாவட்டத்துக்குன்னு ஒரு விஷயம். 2015-லும் 2024 டிசம்பரிலும் வெள்ளம் பார்த்தோம். வெளியே தண்ணீர் ஏறினா, கழிவுநீர் ஜாலி வழியாகவே தரைத்தளத்துக்குள் வரும். ட்ராப் இதைத் தடுக்காது. தாழ்வான தெருவில் இருப்பவங்க ப்ளம்பரிடம் கேட்டு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்க. அவசரத்துக்கு, ஜாலி மேல் துணி வைச்சு மணல் மூட்டையை அழுத்தி வைக்கலாம், கொஞ்சம் தாங்கும். அந்தத் தண்ணீரில் வெறுங்காலோடு நடக்காதீங்க. எலிக்காய்ச்சல் கால் வெடிப்பு வழியா வரும். அதுக்கப்புறம் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தா, வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.

10/ வீட்டு உரிமையாளர்களுக்கு என் கருத்து: குடித்தனம் மாறும்போது சுண்ணாம்பு அடிக்கிறீங்க. ட்ராப்பையும் பார்த்துக் கொடுங்க. ட்ராப் இல்லாத பாத்ரூமுக்கு வாடகை வாங்குறது நியாயமில்லை. குடியிருப்பவங்களும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி ஜாலியைத் தூக்கிப் பாருங்க. உள்ளே தண்ணீர் தெரியணும்.