அடி வாங்கத் தெரியாத ஹீரோக்கள்

ஜாக்கி சான் படம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் போதும், இரண்டு விதமான ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். முதல் வகை, உலக சினிமா பார்ப்பவர்கள். "அதுல கதை எங்கப்பா இருக்கு? வெறும் குரங்குச் சேட்டை" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இரண்டாவது வகை, நம்மூர் ஹீரோக்களின் ரசிகர்கள். "எங்க தலைவர் ஒத்தை ஆளா ஐம்பது பேரை அடிக்கிறார். அந்தாளு நாலு பேருகிட்ட அடி வாங்கிட்டு ஓடுறான். அவனெல்லாம் ஹீரோவா?" என்பார்கள்.

இதில் முதல் ஆளை விட்டுவிடலாம். இரண்டாவது ஆளின் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஆமாம், ஜாக்கி அடி வாங்குகிறார். ஓடுகிறார். கையை உதறிக்கொண்டு "ஸ்ஸ்..." என்று முகம் சுளிக்கிறார். அதுதான் அந்தப் படங்களின் உயிர். ஹீரோவுக்கு அடி வாங்கத் தெரியாததுதான் தமிழ் சினிமாவின் நெடுநாள் வியாதி.

பெரியபாளையத்தில் ஆடி பிறந்துவிட்டால் பவானியம்மன் கோயிலைச் சுற்றிக் கால் வைக்க இடம் இருக்காது. சென்னையிலிருந்து வேன் பிடித்து வரும் குடும்பங்கள் சனிக்கிழமை இரவே வந்து தங்கிவிடும். வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவார்கள். ஈரத் துணியோடு தரையில் உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்வார்கள். கடவுள் உண்டா இல்லையா என்பது வேறு விவாதம். ஆனால் அங்கே ஒரு விதி உண்டு. வேண்டிக்கொண்டவர் தன் உடம்பைக் கொடுத்துத்தான் நேர்த்திக்கடனைக் கழிக்க வேண்டும். அதற்கு டூப் கிடையாது. அந்தக் கூட்டத்தில் ஒருவரிடம் போய் "ஜாக்கி சான் படத்தில் என்ன இருக்கிறது?" என்று விளக்கவே வேண்டாம். உடம்பைக் கொடுத்துச் செய்கிற காரியத்துக்கு என்ன மதிப்பு என்று அவர்களுக்குத் தெரியும்.

1983-இல் வந்த 'ப்ராஜெக்ட் ஏ' படத்தில் மணிக்கூண்டின் முள்ளில் தொங்கி, கை நழுவி, இரண்டு துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு ஜாக்கி தரையில் விழுவார். விழுந்த உடம்பு அசைவதையும் கேமரா காட்டும். 1985 'போலீஸ் ஸ்டோரி'யின் கடைசியில் ஒரு வணிக வளாகத்தின் மேல்மாடியிலிருந்து பாய்ந்து, மின்விளக்குச் சரங்கள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே சறுக்குவார். விளக்குகளின் சூட்டில் கையின் தோல் உரிந்தது, முதுகிலும் இடுப்பிலும் அடி. 1986-இல் யுகோஸ்லாவியாவில் ஒரு மரக்கிளையில் தாவும்போது விழுந்து மண்டை ஓடு உடைந்து உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். 1995 'ரம்பிள் இன் த ப்ராங்க்ஸ்' படப்பிடிப்பில் கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டின் மேல் ஷூ மாதிரி வரைந்த உறையை மாட்டிக்கொண்டு மிச்சப் படத்தை முடித்தார்.

ஆனால் வெறும் துணிச்சல் என்றால் சர்க்கஸ் பார்த்துவிட்டுப் போகலாம். இந்தப் படங்களின் கவர்ச்சி, துணிச்சலோடு கலந்திருக்கும் பயத்தில் இருக்கிறது. புரூஸ் லீ சண்டை போட்டால் எதிரி செத்தான் என்று முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். 1973-இல் அவர் இறந்த பிறகு ஹாங்காங் தயாரிப்பாளர்கள் இன்னொரு புரூஸ் லீயைத் தேடி அலைந்தார்கள். ஜாக்கியையும் அந்தச் சட்டைக்குள் திணித்துப் பார்த்தார்கள். படங்கள் ஓடவில்லை. 1978-இல் யுவென் வூ-பிங் இயக்கிய 'ஸ்னேக் இன் த ஈகிள்ஸ் ஷேடோ', 'ட்ரங்கன் மாஸ்டர்' இரண்டிலும்தான் ஜாக்கி தன் சட்டையைப் போட்டுக்கொண்டார். எல்லோரிடமும் உதை வாங்குகிற எடுபிடிப் பையன், சோம்பேறி, வாத்தியாரிடம் தப்பித்து ஓடுகிறவன். அவன் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டு ஜெயிக்கிறான். நாற்காலி, ஏணி, பெஞ்சு என்று கையில் கிடைத்ததுதான் ஆயுதம். உழைத்துக் களைத்து வீட்டுக்கு வருகிறவனுக்கு இந்த ஆளைப் பிடிக்காமல் வேறு யாரைப் பிடிக்கும்?

இதைக் கண்டுபிடித்தது ஜாக்கி இல்லை. மௌனப்படக் காலத்து பஸ்டர் கீட்டனும் ஹெரால்டு லாய்டும் செய்ததுதான். அந்த மணிக்கூண்டே 1923-இல் லாய்டு தொங்கிய கடிகாரத்தின் பேரன்தான். ஹீரோவும் கோமாளியும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதுதான் இவர்களின் கண்டுபிடிப்பு.

இப்போது தமிழுக்கு வருவோம். இங்கே என்ன நடந்தது? ஹீரோவையும் கோமாளியையும் கத்தி வைத்து வெட்டி இரண்டு உடம்பாக்கிவிட்டார்கள். அடிப்பது ஒருவர், அடி வாங்குவது இன்னொருவர்.

எம்.ஜி.ஆரைச் சும்மா சொல்லக்கூடாது. அவருக்குச் சிலம்பம் தெரியும். 1963 'பெரிய இடத்துப் பெண்' சிலம்பச் சண்டையைப் பார்த்தாலே தெரியும். முதலில் இரண்டு அடி வாங்கி, உதட்டு ரத்தத்தைத் துடைத்துப் பார்த்து, சிரித்துக்கொண்டே திருப்பி அடிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு காமெடி இருந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த இரண்டு அடியைக்கூட வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். 1983 'பாயும் புலி'யில் ஷாவோலின் படத்தின் பயிற்சிக் காட்சிகளின் சாயலை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி வந்தது, கூடவே வர வேண்டிய கேலி வரவில்லை. அப்புறம் கயிறு வந்தது, ஸ்லோ மோஷன் வந்தது. ஹீரோ கை வீசுவதற்கு முன்பே எதிரி பறந்து போய் டாடா சுமோ மேல் விழுகிறான். ஒரு குத்துக்கு ஐந்து வெட்டு. யார் யாரை எங்கே அடித்தார் என்று கடவுளுக்கும் எடிட்டருக்கும்தான் வெளிச்சம்.

அடி வாங்குகிற வேலை யாருக்குப் போனது? செந்திலுக்கு. வடிவேலுவுக்கு. 2003 'வின்னர்' கைப்புள்ளையை நினைத்துப் பார்க்கலாம். அந்த நடை, சட்டென்று மாறும் முகம், வலியை மறைத்துக்கொண்டு விடும் சவடால். உடம்பால் காமெடி செய்வதில் வடிவேலுவின் நேரக்கணக்கு ஜாக்கிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் படத்தில் ஜெயிக்க வேண்டியவர் பிரசாந்த். 2007 'போக்கிரி'யில் அதே வடிவேலுவைத் தற்காப்புக்கலை மாஸ்டர் 'பாடி சோடா' ஆக்கினார்கள். எதற்கு? மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டிச் சிரிக்க. சண்டை விஜய்க்கு, உதை வடிவேலுவுக்கு. இதைவிடத் தெளிவான சாட்சி 2006 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. கோமாளியே கதாநாயகனான அபூர்வமான படம். அதிலும் என்ன செய்தார்கள்? இரட்டை வேடம்! பயந்தாங்கொள்ளி புலிகேசி ஒருத்தன், வீரன் உக்கிரபுத்தன் இன்னொருத்தன். ஒரே நடிகர்தான், ஆனால் பயமும் வீரமும் ஒரே ஆளுக்குள் இருக்கக் கூடாதாம்.

விதிவிலக்கே இல்லையா என்றால், இருக்கிறது. சந்திரபாபு, நாகேஷ் இருவருக்கும் அப்படிப்பட்ட உடம்பு இருந்தது. கமல் 2002 'பம்மல் கே. சம்பந்தம்' படத்தில் சினிமா ஸ்டண்ட் ஆளாகவே வந்து அடிபட்டு மருத்துவமனைக்குப் போவார். ஆனால் விதிவிலக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2008 ஏப்ரலில் 'தசாவதாரம்' பாடல் வெளியீட்டுக்கு ஜாக்கி சானையே சென்னைக்கு வரவழைத்தார்கள். அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். மேடைக்கு ஆளைக் கூப்பிட்டார்கள், அவருடைய பாடத்தைக் கூப்பிடவில்லை.

இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை. ஹீரோவுக்கு வலிக்காது, வலிப்பவன் கேலிக்குரியவன் என்று திரும்பத் திரும்பப் பார்க்கும் பையனுக்கு என்ன பதியும்? அடிப்பது ஆம்பிளைத்தனம், அடி வாங்குவது நகைச்சுவை என்பதுதான். பள்ளிக்கூடத்தில் ஒல்லியாக இருக்கும் பையனை நாலு பேர் சேர்ந்து தலையில் தட்டிச் சிரிப்பதற்கு வசனம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் போதும்.

சரி, அதற்காக ஜாக்கி படங்களுக்குக் கோயில் கட்டிவிட முடியுமா? முடியாது. அவற்றின் ஓட்டைகளை ரசிகர்களே சொல்ல வேண்டும்.

கதை என்று ஒன்று இல்லை என்பது சின்னக் குறை. பெண்களை நடத்துகிற விதம் பெரிய குறை. 'போலீஸ் ஸ்டோரி'யில் மேகி சியுங் போன்ற நடிகைக்குக் கிடைத்த வேலை, கோபித்துக்கொள்வதும் கத்துவதும். இரண்டாம் பாகத்தில் அவர் தலையில் நிஜமாகவே அடிபட்டுத் தையல் போட்டார்கள். வீரப் பதக்கம் மட்டும் ஹீரோவுக்கு. 1992-இல் மூன்றாம் பாகத்தில் மிஷெல் யோ மோட்டார் பைக்கோடு ஓடும் ரயில் மேல் பாய்ந்தபோதுதான், இவ்வளவு காலம் யாரை வீணடித்தார்கள் என்று தெரிந்தது. இன்னொன்று, 'போலீஸ் ஸ்டோரி'யின் முடிவு. பிடிபட்ட வில்லனையும் அவன் வக்கீலையும் போலீஸ்காரரான ஹீரோ வெளுத்து வாங்குவார், அரங்கம் சிரிக்கும். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்ததைப் பார்த்த ஊரில் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது 1994 'ட்ரங்கன் மாஸ்டர் 2'. சண்டையைப் பொறுத்தவரை இந்த வகையின் சிகரம் அது. கடைசிச் சண்டை ஓர் இரும்பு ஆலையில் நடக்கிறது. ஜாக்கி நிஜமான தணல் மேல் முதுகைக் கொடுத்துத் தவழ்கிறார். பெரியபாளையத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ரோலிங் மில்களுக்கு ஷிப்டுக்குப் போகிற ஒருவர் அதைப் பார்த்தால், அந்தச் சூட்டைத் தோலிலேயே உணர்வார். ஆனால் அதே சண்டையில் ஹீரோ பலம் வருவதற்காகத் தொழிற்சாலை ஆல்கஹாலை எடுத்துக் குடிக்கிறார். வாயிலிருந்து நுரைக்குமிழி வருகிறது, ஜெயிக்கிறார். ஹாங்காங் பிரதியின் கடைசிக் காட்சியில் கண் போய், புத்தி பேதலித்து நிற்கிறார். அதையும் ஜோக்காகத்தான் காட்டினார்கள். அமெரிக்காவில் வெளியிட்டபோது அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் இந்த ஜோக்குக்கு விலை தெரியும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் செத்தவர்கள் 60 பேருக்கும் மேல். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனது. மெத்தனால் முதலில் கண் நரம்பைத்தான் தின்னும். குடித்தால் வீரம் வரும் என்பது ஹாங்காங்கின் ஜோக் மட்டுமல்ல. தமிழ்ப் படங்களின் டாஸ்மாக் காமெடிகளும் அதே பாட்டில்தான், லேபிள் வேறு.

கடைசியாக ஒரு கணக்கு பாக்கி. ஜாக்கியின் உடம்பு சும்மா வந்ததில்லை. ஏழு வயதில் சீன ஓபரா பள்ளியில் விட்டார்கள். பத்து வருடம் அடியும் உதையுமாகப் பயிற்சி. அவரோடு படித்த சாமோ ஹங், வாத்தியார் வேடத்தில் நடித்த 'பெயின்டட் ஃபேசஸ்' (1988) அந்தப் பள்ளியின் கதைதான். அந்தப் பிள்ளைகளின் வலியைத்தான் உலகம் டிக்கெட் வாங்கிச் சிரித்தது. ஆனாலும் ஜாக்கி ஒரு நியாயம் செய்தார். படம் முடிந்ததும் பெயர்கள் ஓடும்போது, தவறிப்போன காட்சிகளைக் காட்டுவார். விழுந்தவர்கள், ரத்தம் வந்தவர்கள், ஸ்ட்ரெச்சரில் போனவர்கள். இவ்வளவு நேரம் சிரித்தாயே, இதுதான் விலை என்று ரசீதைக் காட்டுகிற மாதிரி.

தமிழ் சினிமா அந்த ரசீதைக் காட்டுவதில்லை. 2022 டிசம்பரில் 'விடுதலை' படப்பிடிப்பில் ஒரு சண்டைக் கலைஞர் விழுந்து இறந்தார். 2024 ஜூலையில் 'சர்தார் 2' படப்பிடிப்பில் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து இன்னொருவர். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் 'வேட்டுவம்' படத்துக்காகக் கார் பாய்ச்சும்போது மூன்றாமவர். இரண்டு நாள் இரங்கல், அப்புறம் அடுத்த டீசர். ஹீரோ அடி வாங்காத சினிமாவிலும் யாரோ ஒருவர் அடி வாங்கத்தான் செய்கிறார். அவர் முகம் மட்டும் தெரியாது.

தேசிய விருதில் சண்டைப் பயிற்சிக்கு என்று தனிப் பிரிவு 2017-இல்தான் வந்தது. முதல் விருது 'புலிமுருகன்' மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்னுக்கு. ஆஸ்கர்காரர்கள் 2025-இல்தான் விழித்துக்கொண்டு, 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்டுக்கு விருது என்று அறிவித்தார்கள். விருதெல்லாம் சரி. தரையில் சரியான மெத்தை, ஒழுங்கான காப்பீடு, பெயர்ப்பட்டியலில் படிக்கிற அளவில் ஒவ்வொருவர் பெயர், இவையெல்லாம் எப்போது வரும்?

ஜாக்கிக்கும் வயதாகிவிட்டது. 2017 'குங்ஃபூ யோகா'வில் முக்கால்வாசி கணினி வித்தை, கடைசியில் வில்லனும் சேர்ந்து பாலிவுட் குத்தாட்டம். அந்தக் காலம் முடிந்துவிட்டது. அதை நகலெடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. யாருடைய மண்டையும் உடைய வேண்டாம்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். தமிழ்ப் படத்தில் ஒரு ஹீரோ, ஒரே ஒரு குத்துக்குப் பிறகாவது, கையை உதறிக்கொண்டு "ஐயோ அம்மா" என்று சொல்லட்டும். அன்றைக்குத்தான் பக்கத்தில் நின்று இத்தனை வருடம் அடி வாங்கிக்கொண்டிருந்தவருக்கும் வலிக்கும் என்று பார்க்கிறவர்களுக்கு உறைக்கும்.